சோல் ட்ரெயினை 400 டாலரில் ஆரம்பிக்க முடிந்ததா?

ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "சோல் ட்ரெயின் என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சியை டான் கொர்னீலியஸ் கையிலிருந்த வெறும் 400 டாலரில் ஆரம்பித்தார், அது 35 வருடம் ஓடியது என்கிறார்கள். நம்பலாமா? பெரிய சேனல் எதுவும் கைகொடுக்காமல், கறுப்பின மக்களுக்கென்று ஒரு பாட்டு, நடன நிகழ்ச்சியை எப்படிக் கிளப்பினார்?" மேலோட்டமாகப் பார்த்தால் 400 டாலர் கணக்கு சரியா என்பதுதான் கேள்வி. எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. பணமும் இல்லை, சேனலும் இல்லை என்றால் அந்த மனிதர் கையில் வேறு என்னதான் இருந்தது? இதற்குப் பதில் சொன்னால் டாலர் கணக்கும் தானாகத் தெளிந்துவிடும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சிகாகோவைப் பார்த்தவன் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் டிவியில் இசை நிகழ்ச்சிகள் தயாரித்தவன். கேபிள் டிவி காலத்தில் ஒரு உள்ளூர் சேனலில் தொடங்கி, பிறகு சாட்டிலைட் சேனல்களுக்குப் போனேன். தொழில் ஆர்வத்தில் சோல் ட்ரெயின் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், பார்த்தேன். ஆகவே கீழே வரும் தேதியும் பெயரும் படித்துத் தெரிந்தவை. ஸ்பான்சர், ஸ்டுடியோ, வாயசைப்பு பற்றிய கருத்துகள் நான் பட்டுத் தெரிந்தவை. இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

400 டாலர் கதை ஒன்றில்லை, இரண்டு. 1966-இல் கொர்னீலியஸ் மூன்று மாத ஒலிபரப்புப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தார். அப்போது அவருக்கு மனைவி, இரண்டு மகன்கள், வங்கியில் 400 டாலர். இது முதல் கதை. சில வருடம் கழித்து, சோல் ட்ரெயினின் மாதிரி எபிசோடை எடுக்கத் தன் கைக்காசு 400 டாலரைப் போட்டார். இது இரண்டாவது கதை. தொகை ஒன்றாகவே இருப்பதால் இரண்டும் குழம்பி, "400 டாலரில் ஒரு சாம்ராஜ்யம்" என்று ஊக்கப் பேச்சாளர்கள் சொல்கிற கதையாகிவிட்டது. இரண்டுமே நடந்திருக்கலாம், அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் 1970-இன் 400 டாலர் என்பது இன்றைய மதிப்பில் மூவாயிரம் டாலர் சொச்சம். அதை வைத்து ஒரு மாதிரி எபிசோடின் உதிரிச் செலவைச் சமாளிக்கலாம். கேமரா, லைட், ஸ்டுடியோ, ஒளிபரப்புக் கோபுரம் எதையும் அதில் வாங்க முடியாது. அவையெல்லாம் ஏற்கெனவே ஒருவரிடம் இருந்தன, சும்மா கிடந்தன. அங்கேதான் கதை தொடங்குகிறது.

கொர்னீலியஸ் 1936-இல் பிறந்தவர். சிகாகோவின் தெற்குப் பகுதியான சவுத் சைட்தான் ஊர். கறுப்பின மக்கள் பல தலைமுறையாகக் குவிந்து வாழ்ந்த இடம் அது. டூசாபிள் உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்து, மரைன் படையில் சேர்ந்து கொரியா போய் வந்தார். டயர் விற்றார், கார் விற்றார், இன்சூரன்ஸ் விற்றார், கொஞ்ச காலம் சிகாகோ போலீஸிலும் இருந்தார். அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். போலீஸாக இருந்தபோது விதி மீறிய ஒரு காரை நிறுத்த, அதில் இருந்த வானொலிச் செய்தியாளர் ராய் வுட் அந்தக் குரலைக் கேட்டு அசந்து வானொலிக்கு அழைத்தார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கதைகளில் இப்படி அளவெடுத்தது போலப் பொருந்தும் சந்திப்புகளை நான் ஒரு சிட்டிகை உப்போடுதான் வைத்துக்கொள்வேன். உறுதியானது இவ்வளவு: பயிற்சி முடித்ததும் டபிள்யூ.வி.ஓ.என். வானொலியில் மாற்று ஆளாகச் சேர்ந்தார். யாராவது லீவு போட்டால் அந்த நேரத்தை நிரப்புவார், செய்தி வாசிப்பார். அப்போது வயது முப்பது. நட்சத்திர அறிவிப்பாளர் வரிசையில் அவர் இல்லை.

அந்த வானொலியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய லெனார்ட், ஃபில் செஸ் சகோதரர்கள் 1963-இல் ஆரம்பித்தது. உரிமையாளர்கள் வெள்ளையர்கள், ஒலிபரப்பு முழுக்கக் கறுப்பின நேயர்களுக்கு. நிலையமோ சின்னது. நகரத்தின் பெரிய வானொலிகளின் சக்தியோடு வைத்துப் பார்த்தால் மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி. ஆனால் ஹெர்ப் கென்ட் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் சவுத் சைடில் வீட்டுக்கு வீடு, சலூனுக்கு சலூன் ஒலித்தது. புதிய பாட்டு அங்கே சுழன்றால் மறுநாள் கடையில் இசைத்தட்டு விற்கும். அதனால் ரெக்கார்ட் கம்பெனி ஆட்களும் பாடகர்களும் நிலையத்து வாசலிலேயே கிடப்பார்கள். மாற்று ஆளாக இருந்தாலும் அந்த வாசலில் நின்றவருக்கு எல்லோரையும் தெரியும், எல்லோருக்கும் அவரைத் தெரியும். டிவியில் இசை நிகழ்ச்சி செய்கிற எவனையும் கேளுங்கள், பாதி வேலை போனில்தான். யார் போன் செய்தால் பாடகர் எடுப்பார் என்பதுதான் முதலீடு.

கூடவே கொர்னீலியஸ் இன்னொன்றும் செய்துகொண்டிருந்தார். உள்ளூர்ப் பாடகர்களைக் கூட்டிக்கொண்டு உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போய் நிகழ்ச்சி நடத்துவது. ஒரு பள்ளியில் முடித்து, மூட்டை கட்டி, அடுத்த பள்ளி. ஊர் ஊராக ரயில் நின்று போவது மாதிரி இருந்ததால் அந்தச் சுற்றுக்கு "சோல் ட்ரெயின்" என்று பெயர் வைத்தார். பெயர் இங்கே பிறந்தது. தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் ரயிலேறி சிகாகோ வந்த வரலாற்றோடு இந்தப் பெயரை முடிச்சுப் போட்டு அழகழகான கட்டுரைகள் உண்டு. படிக்க நன்றாக இருக்கும், ஆனால் பெயர் வைத்தவர் மனதில் இருந்தது பள்ளிக்கூடச் சுற்றுதான். அப்புறம் இன்னொரு லாபம்: எந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளை நன்றாக ஆடும் என்பது டிவிக்கு வருவதற்கு முன்பே அவர் கண்ணில் பட்டுவிட்டது.

சரி, டிவி எப்படிக் கிடைத்தது? அன்றைய அமெரிக்காவில் மூன்று பெரிய நெட்வொர்க்குகளின் நிலையங்கள் பெரும்பாலும் வி.எச்.எஃப். அலைவரிசையில் இருந்தன. யு.எச்.எஃப். அலைவரிசையில் இருந்தவை ஏழை நிலையங்கள். பழைய டிவிப் பெட்டிகளில் அவை வரவே வராது. 1962-இல் ஒரு சட்டம் வந்து, 1964 முதல் செய்யப்படும் பெட்டிகள் எல்லாவற்றிலும் யு.எச்.எஃப். பிடிக்கும் வசதி கட்டாயம் ஆனது. அதே 1964-இல் சிகாகோவில் 26-ஆம் எண் சேனலாக டபிள்யூ.சி.ஐ.யு. தொடங்கியது. படம் புள்ளி புள்ளியாக வரும், ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய விளம்பரம் வராது என்பதால் பெரிய நிலையங்கள் சீண்டாத மக்களை அது தேடிப் போனது. பகலில் பங்குச் சந்தை நிலவரம், மற்ற நேரத்தில் ஸ்பானிஷ் மொழி நிகழ்ச்சிகள், கறுப்பின மக்களின் பார்வையில் ஒரு செய்தி நிகழ்ச்சி. அந்தச் செய்தி நிகழ்ச்சியில் 1968 முதல் கொர்னீலியஸ் வேலை பார்த்தார். குழந்தைகளும் இளைஞர்களும் ஆடும் நிகழ்ச்சிகளை அந்தச் சேனல் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தது. ஆகவே "பிள்ளைகள் ஆடுவதை யார் பார்ப்பார்கள்" என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நேரம் இருந்தது, கேமரா இருந்தது, நிரப்ப ஆள் வேண்டியிருந்தது.

1970 ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை, முதல் நிகழ்ச்சி. சிகாகோ வர்த்தகக் கழகக் கட்டடத்தின் 43-ஆவது மாடியில் ஒரு குட்டி ஸ்டுடியோ. கீழே கோதுமைக்கும் சோளத்துக்கும் விலை கூவுவார்கள், மேலே பிள்ளைகள் ஆடுவார்கள். கறுப்பு வெள்ளைப் படம், நேரடி ஒளிபரப்பு, வாரத்தில் ஐந்து நாள், பள்ளி விட்டு வரும் நேரத்தில். முதல் நாள் விருந்தினர்கள் ஜெர்ரி பட்லர், சை-லைட்ஸ், இமோஷன்ஸ். மூவருமே சிகாகோக்காரர்கள் என்பதைக் கவனியுங்கள். விமான டிக்கெட் இல்லை, ஹோட்டல் அறை இல்லை. பெரிய சோல் பாடகரான கர்டிஸ் மேஃபீல்ட் இருந்த ஊர் அது. கறுப்பின மக்களின் சோல் இசையில் பாதித் திறமை டாக்ஸி பிடித்து வந்துவிடும் தூரத்தில் இருந்தது. இதே யோசனையை நல்ல பணத்தோடு அமெரிக்காவின் வேறு ஏதாவது நடுத்தர ஊரில் செய்திருந்தால் இரண்டாவது வாரமே விருந்தினர் தீர்ந்துபோயிருப்பார்கள்.

வாரத்துக்கு ஐந்து நாள் நேரலை என்பதை வெளியிலிருந்து படிப்பவர்கள் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். என்னால் முடியவில்லை. வாரம் ஒரு மணி நேர நடன நிகழ்ச்சிக்கே எங்கள் யூனிட்டுக்கு நாக்குத் தள்ளும். ஒரு முறை தாழ்வான கூரை கொண்ட அறையில் முப்பது பிள்ளைகளை ஆடவிட்டு எடுத்தோம். லைட் சூட்டில் இரண்டாவது பாட்டிலேயே ஒரு பெண் மயங்கி விழுந்தாள், தரையில் வியர்வை வழுக்கி இன்னொரு பையன் முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். அதிலும் எங்களுக்குப் பிறகு எடிட்டிங் மேஜை இருந்தது. கொர்னீலியஸ் விருந்தினரைப் பிடிப்பார், விளம்பரம் பிடிப்பார், பாட்டைத் தேர்ந்தெடுப்பார், போய் மைக் முன்னால் நிற்பார். அவர் வேலைக்குத் துணை நின்றவர்களில் கிளின்டன் கென்ட் என்ற நடனக்காரர் முக்கியமானவர். பிற்பாடு அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

இப்போது முக்கியமான இடம்: யார் காசு கொடுத்தது? கறுப்பினக் கலைஞரின் நிகழ்ச்சி அமெரிக்க டிவியில் நிற்காமல் போனதற்கு முன்னுதாரணம் இருந்தது. 1956-இல் என்.பி.சி. நெட்வொர்க்கில் நாட் கிங் கோலின் நிகழ்ச்சி வந்தது. அவர் அன்று உச்சியில் இருந்த பாடகர், நெட்வொர்க்கும் பின்னால் நின்றது, நண்பர்களான பெரிய பாடகர்கள் குறைந்த சம்பளத்துக்கு வந்து பாடிக் கொடுத்தார்கள். ஆனாலும் நாடு முழுவதற்குமான ஸ்பான்சர் ஒருவர்கூட வரவில்லை. தெற்கு மாநிலங்களில் தங்கள் பொருளை வாங்க மறுப்பார்களோ என்ற பயம். 1957 முடிவில் நிகழ்ச்சி நின்றது. சேனல் கிடைக்கவில்லையே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்தக் கதையைத்தான். அவருக்குச் சேனல் கிடைத்தது, நின்றது விளம்பரதாரர் இல்லாமல்.

சிகாகோ நிகழ்ச்சிக்கு முதலில் வந்த பெரிய ஸ்பான்சர் சியர்ஸ் ரோபக் என்ற பெரிய கடை நிறுவனம். தலைமையகம் அதே ஊர் என்பதால் ஒரு ஆளை நேரில் பார்த்துப் பேசிப் பெற முடிந்த விளம்பரம். நாடு முழுக்கப் போவதற்கு அது போதாது. அதற்கு வந்தவர் ஜார்ஜ் ஜான்சன். இவர் கதையும் ஒரு கடன் கதைதான். 1954-இல் தலைமுடிப் பொருள் தயாரிக்கத் தொழில் கடன் கேட்டுப் போனார், மறுத்துவிட்டார்கள். இன்னொரு இடத்தில் விடுமுறைச் சுற்றுலா போகிறேன் என்று சொல்லி 250 டாலர் வாங்கி அதில் ஜான்சன் ப்ராடக்ட்ஸைத் தொடங்கினார். 1971-இல் அமெரிக்கன் பங்குச் சந்தையில் பட்டியலான முதல் கறுப்பின உரிமையாளர் நிறுவனம் அதுதான். அந்த வருடம்தான் சோல் ட்ரெயினும் வெளியூர் போனது.

ஜான்சனின் சரக்கு ஆஃப்ரோ ஷீன். கறுப்பின இளைஞர்கள் முடியை நேராக்கி மறைக்காமல் வட்டமாக வளர்த்த காலம், அந்த முடிக்கான எண்ணெய்ப் பூச்சு. நிகழ்ச்சியையும் விளம்பரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆடுகிற ஒவ்வொரு பிள்ளையின் தலையும் அந்தப் பொருளுக்கு விளம்பரம். நடுவில் வரும் விளம்பரப் படமும் அதே முகங்கள், அதே நிறம், அதே கம்பீரம், சில படங்களில் ஸ்வாஹிலி மொழி வார்த்தைகள்கூட. நாட் கிங் கோலுக்கு ஸ்பான்சர் வராமல் போன அதே காரணம், அதாவது பார்ப்பவர்கள் கறுப்பின மக்களாக இருப்பார்கள் என்பது, ஜான்சனுக்கு வரும் காரணமாக ஆனது. என் அனுபவத்தில் ஸ்பான்சர் இரண்டு ரகம். டி.ஆர்.பி. பார்த்து வருகிறவர், பார்ப்பவர் யார் என்று பார்த்து வருகிறவர். முதல் ரகம் மூன்றாவது வாரத்தில் கைவிட்டுவிடுவார். எனக்கே ஒரு சோப்பு நிறுவனம் அப்படிச் செய்தது. செட் போட்ட ஆசாரிக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கியை என் மனைவியின் வளையல்தான் தீர்த்தது. கொர்னீலியஸுக்கு வாய்த்தது இரண்டாவது ரகம்.

வெளியூர் போனதற்கு அவர் பிடித்த வழி சிண்டிகேஷன். நெட்வொர்க்கிடம் விற்காமல், ஒவ்வொரு ஊரிலும் உள்ள நிலையத்திடம் தனித்தனியாகப் போய் நிகழ்ச்சியைக் கொடுப்பது. சன் டிவியில் ஒரு காலத்தில் சீரியல் தயாரிப்பாளர்கள் ஸ்லாட்டுக்குக் காசு கட்டி, விளம்பர நேரத்தைத் தாங்களே விற்றார்கள் அல்லவா, அந்த அடிப்படைக்குப் பக்கத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் அலைச்சல் அதிகம், ஆனால் நிகழ்ச்சி உங்கள் சொத்தாகவே இருக்கும். கொர்னீலியஸ் குறிவைத்தது 25 நகரங்கள். ஆரம்பத்தில் எடுத்துக்கொண்டவை ஏழெட்டுதான். அட்லான்டா, டெட்ராய்ட், பிலடெல்பியா, லாஸ் ஏஞ்சல்ஸ் அவற்றில் சில. 1971 அக்டோபர் 2 அன்று தேசியப் பதிப்பு தொடங்கியது, சனிக்கிழமைகளில், கலரில். முதல் நிகழ்ச்சியில் கிளாடிஸ் நைட் அண்ட் த பிப்ஸ் வந்தார்கள். ஏழெட்டு ஊரில் ஓடியதைப் பார்த்த பிறகு மற்ற ஊர்களும் படிப்படியாக வந்தன.

படப்பிடிப்பை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாற்றினார். இசைத்தொழில் மேற்கே நகர்ந்துகொண்டிருந்த நேரம், நல்ல கலர் ஸ்டுடியோக்களும் அங்கேதான். இதனால் ஒரு சிக்கல்: சிகாகோவில் தெரிந்த பிள்ளைகள் இங்கே இல்லை. டென்கர் பார்க் என்ற பொழுதுபோக்கு மையத்தில் வேலை பார்த்த பாம் பிரவுன் என்ற பெண்மணியைப் பிடித்தார்கள். அக்கம்பக்கத்தில் ஆடத் தெரிந்தவர்களை அழைத்து வந்தவர் அவர். தயாரிப்பாளர் பெயர் எல்லோருக்கும் தெரியும், இப்படி ஆள் சேர்த்துக் கொடுத்தவர் பெயர் டைட்டிலில் ஓடிப்போகும். நான் அந்த வேலையும் பார்த்தவன் என்பதால் அவர் பெயரை இங்கே நிறுத்திச் சொல்கிறேன்.

ஆடியவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒரே வார இறுதியில் பல எபிசோடுகளை எடுத்துவிடுவார்கள், பிள்ளைகள் மாற்றுத் துணியைப் பையில் திணித்துக்கொண்டு வர வேண்டும், சாப்பாட்டுக்குப் பொரித்த கோழிப் பொட்டலம். இது நியாயமா என்று கேட்டால் எனக்கு நியாயமாகப் படவில்லை. நிகழ்ச்சியின் முதுகெலும்பே அவர்கள்தான். பாடகருக்காக டிவி போட்டவர்களைவிட, இந்த வாரம் என்ன புது அடவு, என்ன புது கால்சட்டை என்று பார்க்கப் போட்டவர்கள் அதிகம் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். டான் கேம்பெல் ஆடிய, மூட்டுகள் பூட்டிக்கொண்டது போல் சட்டென்று நிற்கும் ஆட்டத்துக்கு லாக்கிங் என்றே பெயர் வந்தது. டமீட்டா ஜோ ஃப்ரீமன் ஒற்றைக் காலை உயர்த்தி நின்ற நிலையைப் பார்த்தால் யோகா வாத்தியார் வணக்கம் வைப்பார். ஜெஃப்ரி டேனியலும் ஜோடி வாட்லியும் இங்கே ஆடிப் பிறகு ஷலமார் குழுவில் பாடகர்களானார்கள். பின்னால் நழுவிப் போகும் நடையை மைக்கேல் ஜாக்சனுக்குக் காட்டிக் கொடுத்தவர்களில் டேனியலும் ஒருவர். அந்த நடை ஜாக்சன் வழியாக உலகம் சுற்றி நம் தெருமுனை வரை வந்தது உங்களுக்கே தெரியும்.

இரண்டு வரிசையாகப் பிள்ளைகள் நிற்க, நடுவில் ஒவ்வொருவராக ஆடிக்கொண்டு வருவதுதான் நிகழ்ச்சியின் அடையாளமான "சோல் ட்ரெயின் லைன்". இதைக் கொர்னீலியஸ் கண்டுபிடித்தார் என்று எழுதுகிறார்கள். 1950-களிலேயே ஸ்ட்ரோல் என்ற ஆட்டத்தில் இந்த அமைப்பு உண்டு, வீட்டு விருந்துகளிலும் ஆடியிருக்கிறார்கள். அவர் செய்தது அதைக் கேமராவுக்கு எதிரே நிறுத்தியது. தொழில்முறையில் பார்த்தால் அது சின்ன விஷயம் இல்லை. கூட்டமாக ஆடும்போது கேமரா யாரைப் பிடிப்பது என்று தடுமாறும். வரிசை போட்டுவிட்டால் ஒவ்வொருவருக்கும் சில நொடி, முகம் தெரியும், கால் தெரியும், கேமராமேன் நகரவே வேண்டாம். செலவே இல்லாத டைரக்‌ஷன் அது.

பாட்டுகளில் பெரும்பாலானவை வாயசைப்பு. இதைக் குறையாகச் சொல்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவேன். உண்மையான இசைக்குழு என்றால் மைக்குகள், ஒலிப் பொறியாளர், ஒத்திகை நேரம், இசைக்கலைஞர்களுக்கான சங்கக் கூலி என்று பட்ஜெட் பல மடங்காகும். தட்டை ஓடவிட்டால் பிள்ளைகளுக்குப் பழகிய அதே தாளம் கிடைக்கும். ஜேம்ஸ் பிரவுன் போன்ற சிலர் மட்டும் குழுவோடு வந்து நிஜமாகவே பாடினார்கள். கொர்னீலியஸ் பிற்காலத்தில் சொன்ன ஒரு சம்பவம்: செட்டைச் சுற்றிப் பார்த்த ஜேம்ஸ் பிரவுன், உன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாராம். நான் மட்டும்தான் என்றாராம் இவர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கேள்வி, அப்புறம் மூன்றாவது தடவையும். சொன்னவர் சம்பந்தப்பட்டவரே என்பதால் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் கேள்வி நம்பும்படியானதுதான். பின்னால் ஒரு வெள்ளை முதலாளி இல்லாமல் அந்த அளவு நிகழ்ச்சியைக் கறுப்பினத்தவர் ஒருவர் வைத்திருந்ததைப் பிரவுன் பார்த்திருக்க மாட்டார்.

வைத்திருந்தது என்று சொன்னேன், அதை யாரோ பறிக்க வராமலும் இல்லை. டிக் கிளார்க்கின் அமெரிக்கன் பேண்ட்ஸ்டேண்ட் 1957 முதல் ஏ.பி.சி. நெட்வொர்க்கில் ஓடிய நடன நிகழ்ச்சி. பிலடெல்பியாவில் அது எடுக்கப்பட்ட காலத்தில் கறுப்பினப் பிள்ளைகளை உள்ளே விடாமல் இருந்ததை வரலாற்று ஆய்வுகள் விரிவாகக் காட்டியிருக்கின்றன. தான்தான் அந்தச் சுவரை உடைத்ததாகக் கிளார்க் பின்னாளில் சொன்னதை அந்த ஆய்வுகள் ஏற்கவில்லை. 1973-இல் அவரே ஏ.பி.சி.யில் சோல் அன்லிமிடெட் என்று கறுப்பின நடன நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினார். நெட்வொர்க்கின் பணபலத்தோடு அது நிலைத்திருந்தால் சோல் ட்ரெயின் காலி. கொர்னீலியஸும் ஜெஸ்ஸி ஜாக்சன் போன்ற கறுப்பின உரிமைத் தலைவர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். சில எபிசோடுகளோடு ஏ.பி.சி. அதை நிறுத்திக்கொண்டது. இங்கேயும் அவருக்குக் கைகொடுத்தது பணம் இல்லை. பள்ளிச் சுற்றிலும் வானொலியிலும் சேர்த்த ஆள்பலம்.

"முதல் கறுப்பின நடன நிகழ்ச்சி" என்று சோல் ட்ரெயினைப் பற்றி அடிக்கடி எழுதுகிறார்கள், அது தவறு. டெலவேரில் மிட்ச் தாமஸ் 1955-லேயே ஒன்று நடத்தினார். வட கரோலினாவின் ராலியில் டீனேஜ் ஃபிராலிக்ஸ் 1958-இல் தொடங்கிப் பல வருடம் ஓடியது. வாஷிங்டனில் 1963 முதல் டீனராமா, நாஷ்வில்லில் நைட் ட்ரெயின். இவை எல்லாமே ஒரு ஊருக்குள் நின்றுபோனவை. திறமையில் குறைந்தவை என்று நான் நினைக்கவில்லை. டிவியில் காசு செலவழித்து விளம்பரம் செய்யும் அளவுக்கு வளர்ந்த ஒரு கறுப்பின நிறுவனம் பக்கத்துத் தெருவில் இருந்தது 1971-இன் சிகாகோவுக்கு மட்டும் அமைந்த வாய்ப்பு.

அவர் சறுக்கிய இடங்களும் உண்டு. நிகழ்ச்சிக்காகக் கேம்பிள், ஹஃப் என்ற இரண்டு இசைத் தயாரிப்பாளர்கள் போட்டுக் கொடுத்த தலைப்பு இசையை 1974-இல் தட்டாக வெளியிட்டபோது, நிகழ்ச்சியின் பெயரை அதற்கு வைக்க விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம். டி.எஸ்.ஓ.பி. என்ற வேறு பெயரில் வந்து அது பில்போர்டு என்ற அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம் கைநழுவியது, பிறகு அவரே வருத்தப்பட்டார். 1980-களில் ராப் இசை வந்தபோதும் அது தனக்குப் பிடிபடவில்லை என்பதை மேடையிலேயே மறைக்காமல் நின்றார். 1993 வரை அவரே தொகுத்தார், அதன் பிறகு வேறு ஆட்கள். 2006-இல் நின்றபோது 1,100 எபிசோடுகளைத் தாண்டியிருந்தது. ஆக நீங்கள் கேட்ட 35 வருடக் கணக்கு சரிதான்.

கிளின்டன் கென்டைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கொர்னீலியஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் போன பிறகும் சிகாகோ நிகழ்ச்சி உடனே நிற்கவில்லை. கென்ட் அதைத் தொகுத்து வழங்கினார். 1976 வரை அதே வர்த்தகக் கழகக் கட்டடம், அதே கறுப்பு வெள்ளை, பள்ளி விட்டு வந்த அதே உள்ளூர்ப் பிள்ளைகள். சனிக்கிழமை கலர் நிகழ்ச்சியில் நாடே லாஸ் ஏஞ்சல்ஸ் பிள்ளைகளைப் பார்க்கும்போது, சிகாகோக்காரர்கள் வாரநாளில் தங்கள் தெருப் பையனை 26-ஆம் சேனலில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிவுகளில் அனேகமாக எதுவும் இன்று மிஞ்சவில்லை. நேரலையாகவே போனவை பல, டேப்பில் ஏறியவற்றிலும் டேப் விலை அதிகம் என்பதால் அழித்து அதன்மேலேயே அடுத்ததைப் பதிவது அன்று எல்லா ஏழை நிலையங்களிலும் வழக்கம். எங்கள் கேபிள் சேனலிலும் அதைத்தான் செய்தோம். முட்டியைப் பெயர்த்துக்கொண்ட அந்தப் பையன் ஆடிய டேப்பின் மேல் நான் பதிந்தது ஒரு சமையல் நிகழ்ச்சி.